தீர்த்தமலையில் கிடக்கும் நம் கடைச் சரக்கு

இந்தப் பக்கத்தில் நாம் வழக்கமாக வரி, உரிமம், தராசு முத்திரை, கடை வாடகை ஆகியவற்றைப் பற்றித்தான் பேசிக் கொள்வோம். இந்த முறை ஒரு மலையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. மலைக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சம்பந்தம் இருக்கிறது. சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

நான் அரூரில் 34 ஆண்டுகளாக மளிகை வியாபாரம் செய்து வருபவன். கடையில் சில்லறை விற்பனை. சுற்று வட்டாரக் கிராமக் கடைகளுக்கு மொத்தமாகவும் கொடுக்கிறேன். சுமார் 16 கி.மீ. தூரத்தில் இருக்கும் தீர்த்தமலை அடிவாரக் கடைகளுக்கும் என் கடைச் சரக்கு போகிறது. மாசித் திருவிழா என்றால் கற்பூரம், ஊதுவத்தி, வெல்லம், பொரி, கடலை, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் என்று லோடு ஆட்டோ ஒரே நாளில் இரண்டு நடை அடிக்கும். ஆடிப் பெருக்குக்கும் அப்படித்தான். சரக்கு நூற்றுக் கணக்கான தடவை போயிருக்கிறது. நான் மலையேறியது இத்தனை ஆண்டுகளில் நான்கே தடவை. கல்லாவை விட்டு எழுந்திருக்க முடியாதவனுக்குப் பக்கத்து மலையும் தூரம்தான். உங்களில் பலருக்கும் இதே கதைதான் என்பது எனக்குத் தெரியும்.

வெளியூர் வாசகர்களுக்காக மலையைப் பற்றிச் சில வரிகள். தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் இருக்கிறது தீர்த்தமலை. மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர், வடிவாம்பிகை அம்மன் கோவில். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். இராவண வதம் முடிந்து திரும்பிய இராமர் இங்கே சிவபூசை செய்ய விரும்பி, கங்கை நீர் கொண்டு வர அனுமனை அனுப்பினார். அனுமன் வரத் தாமதமாகவே, அம்பை எய்து பாறையிலிருந்தே நீரை வரவழைத்துப் பூசையை முடித்துக் கொண்டார். அதுதான் இராம தீர்த்தம். பிறகு வந்து சேர்ந்த அனுமன் தாம் கொண்டு வந்த நீரை வீசியெறிய, அது தென்பெண்ணை ஆற்றங்கரையில் விழுந்து அனுமன் தீர்த்தம் ஆயிற்று என்பது தலவரலாறு. (சரக்கு நேரத்துக்கு வராவிட்டால் வேறு இடத்தில் கொள்முதலை முடித்துக் கொள்வது நமக்கும் உள்ள வழக்கம்தானே.) மலையில் அக்னி, குமார, கௌரி, அகத்தியர் தீர்த்தங்களும் உண்டு. கடும் கோடையிலும் இராம தீர்த்தம் வற்றாது என்பது இந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை. ஆக, பெயரிலேயே தண்ணீரை வைத்திருக்கும் மலை இது.

பேரனுக்கு முடியிறக்குவதற்காகக் குடும்பத்தோடு போயிருந்தோம். அடிவாரக் கோவிலில் கும்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஏறிவிட வேண்டும் என்று ஆறரை மணிக்கே புறப்பட்டோம். படியும் பாறையும் மாறி மாறி வரும் ஏற்றம். முதல் கால் மணி நேரம் எல்லோரும் பேசிக் கொண்டே ஏறினோம். அதற்கப்புறம் பேச்சு தானாக நின்றுவிட்டது. எனக்கு வயது 62. சர்க்கரை உண்டு. நாள் முழுவதும் உட்கார்ந்தே பிழைக்கிறவனுக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதே இந்த மாதிரி நாளில்தான் நினைவுக்கு வருகிறது. பத்துப் படிக்கு ஒரு முறை நின்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அம்மாள், இடுப்பில் ஒரு பித்தளைச் சொம்போடு, என்னைத் தாண்டிப் போய்க் கொண்டே, "மெதுவா வாங்க சாமி, மலை எங்கியும் ஓடிப் போவாது" என்றார்.

நின்று நின்று ஏறியதில் ஒரு லாபமும் இருந்தது. வேகமாக ஏறுகிறவர்கள் படியைத்தான் பார்ப்பார்கள். நிற்கிறவன் சுற்றுமுற்றும் பார்ப்பான். ஒருபுறம் சுவர் போல நிமிர்ந்த பாறை. மறுபுறம் முட்புதர் மண்டிய சரிவு. அதற்கும் கீழே மரவள்ளியும் மஞ்சளும் நெல்லும் கட்டம் கட்டமாக, கணக்குப் பேரேட்டில் கோடு போட்ட மாதிரி. எங்கள் லோடு வண்டி போகிற சாலை எது என்று கண் தேடியது. இத்தனை அழகான ஓர் இடத்தைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு இத்தனை ஆண்டுகள் என்ன செய்து கொண்டிருந்தோம் என்று மனசுக்குக் குறையாகவே இருந்தது.

பாதி மலையில் ஒரு திருப்பத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்க எல்லோரும் உட்காருகிற இடம் என்பது பார்த்தாலே தெரிந்தது. விளிம்பில் நின்று சரிவை எட்டிப் பார்த்தேன். புதர்களில் பூத்திருந்த மாதிரி பச்சை, நீலம், சிவப்பு, வெள்ளி நிறங்கள். பூ இல்லை. சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், குளிர்பான பாட்டில், தண்ணீர் பாட்டில். மலைக்கு வந்த ஜனம் உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டிப் போட்டிருக்கிறது. குரங்கு ஒன்று ஒரு கவரைப் பிரித்து, உள்பக்கத்தை நக்கி, நக்கிய இடத்தைக் கடித்தும் தின்று கொண்டிருந்தது.

இதுவரை நானும் எல்லோரையும் போல, "இந்த ஜனங்களுக்கு எப்போதுதான் புத்தி வரும்" என்று சொல்லிவிட்டு எழுந்திருந்திருப்பேன். எழுந்திருக்க விடாமல் செய்தது என் காலடியிலேயே கிடந்த ஒரு கவர். எங்கள் கடையில் கடலை உருண்டையைப் பத்துப் பத்தாகக் கவரில் போட்டு, இயந்திரத்தில் ஒட்டி, உள்ளே கடையின் பெயர் அச்சிட்ட ஒரு சீட்டும் வைப்போம். அந்தச் சீட்டு அப்படியே இருந்தது. கடை பெயர், தெருப் பெயர், தொலைபேசி எண், கீழே 'மீண்டும் வருக'. விளம்பரத்துக்காக வைத்த சீட்டு அது. விளம்பரம் பாதி மலை வரை ஏறி வந்துவிட்டது.

மருமகனை அழைத்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "மாமா, உங்க பேரு போட்டிருக்கறதால இது உங்களுதுன்னு தெரியுது. மத்ததும் உங்க ஊரு கடையில இருந்து வந்ததுதான்" என்றார். அவர் பெங்களூரில் கம்பெனி உத்தியோகம் பார்ப்பவர். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பதில் வரவில்லை.

மேலே போய்த் தரிசனம் முடித்து, இராம தீர்த்தத்துக்குப் போனோம். உயரமான பாறையிலிருந்து சன்னமாக விழும் நீரில் ஜனங்கள் வரிசையில் நின்று தலையைக் காட்டுகிறார்கள். பேரனைத் தூக்கிப் பிடித்தோம்; மொட்டைத் தலையில் நீர் பட்டதும் வீறிட்டு அழுதான். அங்கேயும் காலடியில் ஷாம்பு பாக்கெட்டுகள், சோப்பு உறைகள். ஒரு காட்சியை அங்கே கவனித்தேன். தீர்த்தம் பிடித்த பாட்டிலை யாரும் வீசவில்லை. மூடியை இறுக்கி, துண்டில் சுற்றி, குழந்தையைப் போலக் கொண்டு போனார்கள். வீசப்பட்டவை எல்லாம் காசு கொடுத்து வாங்கிக் குடித்து முடித்த பாட்டில்கள். இரண்டும் ஒரே பாட்டில்தான். உள்ளே இருப்பதற்கு மதிப்பு இருந்தால் வெளியே இருப்பதும் வீடு போய்ச் சேர்கிறது.

இறங்கும்போது, பொங்கல் பாத்திரங்கள் கொண்டு வந்த அரிசிப் பையில், பாதையோரம் கைக்கு எட்டியதை மட்டும் நானும் மருமகனும் பொறுக்கிக் கொண்டு வந்தோம். விளிம்புக்கு அப்பால் கிடந்ததை எடுக்கப் போகவில்லை. அது உயிருக்கு ஆபத்து. கடைக்குக் கொண்டு வந்து, கணக்குப் பார்க்கிற புத்தி போகாமல், கொட்டி எண்ணினேன். தண்ணீர், குளிர்பான பாட்டில்கள் 61. உறைகளும் பாக்கெட்டுகளும் 240க்கு மேல். அவற்றில் என் கடையில் விற்காத சரக்கு இருக்கிறதா என்று தேடினேன். இரண்டே இரண்டு இருந்தன. மறுநாள் பழைய பேப்பர் கடைக்காரர் வந்தார். பாட்டில்களைத் தராசில் போட்டார். ஒரு கிலோவைச் சற்றே தாண்டியது. அதற்கு அவர் கொடுத்த காசில் இரண்டு பேர் டீ குடிக்கலாம். உறைகளை அவர் கையாலும் தொடவில்லை. "இத யாரும் எடுக்க மாட்டாங்க மொதலாளி" என்றார். பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அந்த உறைகளைப் பிரித்து மறுபடி பயன்படுத்துவது எளிதல்ல என்பதால் காயலான் வியாபாரத்தில் அவற்றுக்கு விலை இல்லை.

இந்தச் சின்னப் பாக்கெட் வியாபாரத்துக்கு நம் தமிழ்நாடே தாய்வீடு என்பது பழைய வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். கடலூர் சின்னிகிருஷ்ணன் அவர்கள்தான் ஷாம்பு முதலியவற்றைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழையும் வாங்கும்படி செய்ய வேண்டும் என்று முனைந்தவர். வெல்வெட் ஷாம்பு அந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் தனியே பிரிந்து வந்து சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பெரிய கம்பெனிகள் எல்லாம் பிறகு இவர்களைப் பார்த்துத்தான் பாக்கெட் போட்டன. அந்தச் சிக் ஷாம்பு சந்தையில் காலூன்றியது எப்படி என்பதை மறந்துவிடக் கூடாது. காலியான ஷாம்பு பாக்கெட்டுகளைக் கடையில் கொண்டு வந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம். முதலில் எந்தக் கம்பெனி காலிப் பாக்கெட்டும் செல்லும். பிறகு சிக் காலிப் பாக்கெட் மட்டும் செல்லும் என்றார்கள். பிள்ளைகள் தெருத் தெருவாகப் பொறுக்கிக் கொண்டு வரும் அளவுக்குக் காலிப் பாக்கெட்டுக்கு மதிப்பு இருந்தது. காலியைத் திரும்ப வாங்குவது நமக்குப் புதிய வேலை என்று யாராவது சொன்னால், கோலி சோடா பாட்டிலும் எண்ணெய் டின்னும் சணல் சாக்கும் எப்படித் திரும்பி வந்து கொண்டிருந்தன என்று கேட்க வேண்டும். சோடா பாட்டிலுக்குக் கட்டிய டெபாசிட்டைத் திரும்பக் கொடுக்காமல் சண்டை போட்ட கடைக்காரர்கள் கூட நம் தலைமுறையில் இருந்தார்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்காதே என்று ஜனங்களிடம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் கறை பிடித்தவர்களையும் எலும்பு வளைந்தவர்களையும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டதே இந்தத் துன்பத்துக்காகத்தான். அறிமுகமில்லாத ஊரில், கைக்குழந்தையோடு மலையேறுகிறவர் மூடி போட்ட பாட்டிலை நம்புகிறார் என்றால் அதில் தப்பு கிடையாது. அதே போல அடிவாரக் கடைக்காரர் அதை விற்பதிலும் தப்பு கிடையாது. இருபது ரூபாய் பாட்டிலில் அவருக்குக் கிடைக்கிற சில ரூபாய்தான் அன்றைய அடுப்பு. திருவிழாவும் விசேஷ நாளும் இல்லாவிட்டால் அந்தக் கடைகளுக்கு வியாபாரம் ஏது?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. கைப்பை, குவளை, தட்டு, உறிஞ்சுகுழாய், தண்ணீர் பாக்கெட் எல்லாம் அதில் அடங்கும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. நம் சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே குரல்தான் கேட்கும்: "சிறு கடைக்காரன் கேரி பேக் வைத்திருந்தால் அபராதம், கம்பெனி வண்டி வண்டியாக சிப்ஸ் கவர் அனுப்பினால் அது வியாபாரமா?" கேள்வி நியாயமானது. உற்பத்தியாளரே தம் உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 2022இல் அதற்கு விரிவான நெறிமுறைகளும் வந்தன. அதைக் கேட்டு நம் பேரமைப்புகள் போராட வேண்டும். நானும் வந்து கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தீர்த்தமலைச் சரிவில் முட்புதரில் மாட்டியிருக்கும் உறையை எடுக்க எந்தக் கம்பெனியின் வண்டியும் அந்தப் படியில் ஏறி வரப் போவதில்லை. அந்த மலையை நம்பிப் பிழைப்பது கம்பெனி அல்ல. நாம்தான்.

சரி, என்ன செய்யலாம் என்று நான் முதலில் நினைத்தது இது. அடிவாரத்தில் ஒவ்வொரு கடையிலும் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக் கொள்வது. காலியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுப்பது. நீலகிரி மாவட்டத்தில் டாஸ்மாக் கடைகளில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022இல் இதைத்தான் செய்தார்கள். காடுகளில் உடைந்து கிடந்து யானைகளின் காலைக் கிழித்துக் கொண்டிருந்த பாட்டில்களில் பெரும்பகுதி பத்து ரூபாய்க்காகக் கடைக்குத் திரும்பி வந்தது. குடித்தவருக்கே பத்து ரூபாய் ஞாபகம் இருக்கிறது என்றால் சாமி கும்பிட வந்தவருக்கு இருக்காதா?

இந்த யோசனையோடு அடுத்த வாரம் அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாளிடம் பேசினேன். பதினைந்து வருடமாக என்னிடம் சரக்கு எடுப்பவர். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாக உடைத்துப் போட்டார்.

"ஏங்ண்ணா, பாட்டிலு மேல இருவதுன்னு போட்டிருக்குது. நான் முப்பது வாங்குனா சும்மா விடுவாங்களா? போன்ல படம் புடிச்சுப் போட்டுருவாங்க" என்றார். உண்மை. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்குவது எடையளவுச் சட்டப்படி குற்றம். நாம் டெபாசிட் என்று சொல்வது ஆய்வாளர் காதில் டெபாசிட்டாக விழ வேண்டுமே.

"நான் வாங்கி, பக்கத்துக் கடைக்காரரு வாங்கலைன்னா?" என்றார் அடுத்து. அதற்கும் பதில் கிடையாது. ஒரு ரூபாய் குறைவு என்றால் பத்தடி நடக்கிற வாடிக்கையாளர், பத்து ரூபாய் குறைவு என்றால் பறந்து போவார்.

"அரூர்லயும் திருவண்ணாமலைலயும் வாங்கி பஸ்ஸுல எடுத்தாற பாட்டிலுக்கு யாருங்ண்ணா டெபாசிட் வாங்கறது?" இதுதான் கடைசிக் கேள்வி. நான் டீயைக் குடித்து முடித்தேன்.

திரும்பி வரும் வழியில்தான் வெள்ளியங்கிரி நினைவுக்கு வந்தது. கோவை மாவட்டத்தில் ஏழு மலை ஏறிப் போகும் அந்தத் தலத்தில், அடிவாரத்திலேயே வனத்துறையினர் பைகளைச் சோதித்து, பாட்டில்களுக்கு ஒரு வில்லை ஒட்டி, வைப்புத் தொகை வாங்கிக் கொண்டு அனுப்புகிறார்கள். இறங்கி வந்து வில்லை ஒட்டிய பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். எங்கே வாங்கிய பாட்டில் என்ற கேள்வியே இல்லை. விற்பனையோடு சேராத வசூல் என்பதால் விலைத் தகராறும் வராது. திருமலையில் பிளாஸ்டிக் பாட்டிலை நிறுத்திவிட்டு, கண்ணாடி பாட்டிலுக்கு முன்பணம் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் 2003 முதல் காலிப் பாட்டிலுக்குச் சட்டப்படி டெபாசிட் உண்டு என்பதையும் சொல்லி வைக்கலாம். அது நமக்குத் தூரம், வெள்ளியங்கிரி கிட்டம்.

ஆகவே நான் சொல்வது இதுதான். தீர்த்தமலையில் படி தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு மேசை. ஊராட்சி, கோவில் நிர்வாகம், வனத்துறை மூன்றிடமும் கலந்து பேசி, மாவட்ட ஆட்சித் தலைவரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கி, நம் சங்கம் அந்த மேசையை நடத்த வேண்டும். மேலே போகும் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லை, பத்து ரூபாய். இறங்கும்போது காலியாகக் கொண்டு வந்தாலும் சரி, தீர்த்தம் நிரப்பிக் கொண்டு வந்தாலும் சரி, காட்டினால் பத்து ரூபாய் திரும்பிவிடும். காலி வேண்டாம் என்பவர்கள் மேசைக்குப் பின்னால் இருக்கும் சாக்கில் போட்டுவிட்டுப் போகட்டும்.

செலவுக் கணக்கு கேட்பீர்கள். கேட்க வேண்டும், நாம் வியாபாரிகள். ஒரு விசேஷ நாளில் ஆயிரம் பாட்டில் மேலே போகிறது என்று வைத்துக் கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு திரும்பி வந்தால், வராத நூறு பாட்டிலின் டெபாசிட் ஆயிரம் ரூபாய் மேசையில் நிற்கும். ஓர் ஆள் கூலியும் வில்லை அச்சிட்ட செலவும் அதிலேயே அடங்கிவிடும். நூற்றுக்கு நூறும் திரும்பி வந்தால் கூலியை நாம் கைப்பணத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். மலை சுத்தமாக இருக்கிற ஆண்டில் சங்கத்துக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தை மகிழ்ச்சியோடு பங்கு போட்டுக் கொள்ளலாம். வராத பணம் யார் பைக்குப் போகிறது என்ற சந்தேகம் ஜனங்களுக்கு வரத்தான் செய்யும் என்பதால், அன்றன்றைய வரவு செலவைக் கரும்பலகையில் எழுதி மேசைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். இதில் ஒளிவு மறைவு வந்தால் திட்டம் மூன்றாம் நாளே செத்துவிடும்.

உறைகளுக்கு இந்த வழி செல்லாது என்பதை ஒப்புக் கொள்கிறேன். ஐந்து ரூபாய் சிப்ஸ் கவருக்குப் பத்து ரூபாய் டெபாசிட் என்றால் சிரிப்பார்கள். அதற்கு அடிவாரக் கடைகள் விற்கும் சரக்கையே சற்று மாற்ற வேண்டியிருக்கும். பொரி, கடலை, கடலை உருண்டை, மாங்காய்ப் பத்தை, வெள்ளரிப் பிஞ்சு, சுண்டல். இவற்றுக்குப் பிளாஸ்டிக் உறை எதற்கு? காகிதத்தைக் கூம்பாகச் சுற்றிப் பொட்டலம் கட்டி, நூலைச் சுண்டி அறுக்கத் தெரிந்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. மந்தார இலைக்கும் பஞ்சமில்லை. ஒரு எச்சரிக்கை: பழைய பழக்கத்தில் செய்தித்தாளில் கட்டிவிட வேண்டாம். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. அச்சில்லாத பழுப்புக் காகிதம் மொத்த விலைக்குக் கிடைக்கிறது; கொள்முதலை ஒன்றாகச் செய்தால் இன்னும் குறையும். நீர்மோரும் பானகமும் சொம்பிலோ குவளையிலோ நின்று குடித்துவிட்டுப் போகிறபடி விற்றால் மேலே எதுவும் ஏறாது. இப்படி விற்பதில் லாப விகிதம் சிப்ஸ் பாக்கெட்டை விட அதிகம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வேலை அதிகம். அதையும் மறைக்கவில்லை.

ஷாம்பு பாக்கெட்டுக்கு எனக்கு வழி தோன்றவில்லை. தீர்த்தத்தில் ஷாம்பு போட்டுக் குளிப்பதே முறையா என்று பெரியவர்கள் யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது. நாம் செய்யக் கூடியது, அடிவாரக் கடைகளில் அதைத் தோரணம் போலத் தொங்கவிடாமல் இருப்பது. கேட்டால் கொடுக்கலாம்.

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை" என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். அரசாங்கம் செய்ய ஆரம்பித்தால் எப்படிச் செய்யும் என்பதையும் யோசியுங்கள். ஒரு நாள் ஓர் உத்தரவு வரும். அடிவாரத்தில் பாட்டில் விற்கவே கூடாது, உறை போட்ட தின்பண்டமே கூடாது என்று. சில மலைத் தலங்களில் அப்படித்தான் வந்திருக்கிறது. அன்றைக்கு அந்த அம்மாளின் கடையும் அதைப் போன்ற மற்றக் கடைகளும் என்ன ஆகும்? நாமே முந்திக் கொண்டு ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக் கொண்டால், பிறகு வருகிற உத்தரவு நம்மைக் கேட்டு வரும்.

எங்கள் கடையில் கடலை உருண்டையைக் கவரில் போடுவதை நிறுத்திவிட்டேன். இப்போது கண்ணாடி ஜாடியில் வைத்து எண்ணிக் கொடுக்கிறோம். கவரில் வாங்கிப் பழகிய சிலர் முகம் சுளிக்கிறார்கள். விற்பனை முதல் மாதம் கொஞ்சம் குறைந்தது, இப்போது பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. அச்சிட்ட சீட்டுகள் இரண்டாயிரம் மிச்சம் இருக்கின்றன. பின்பக்கத்தில் பற்றுக் குறிப்பு எழுதித் தீர்த்துக் கொண்டிருக்கிறேன்.

மாசித் திருவிழாவுக்கு முன்னால் நடக்கும் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி செயலாளர் அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேசையும் நான்கு சாக்கும் என் கடையிலிருந்து வரும். வில்லை அச்சிடும் செலவை ஏற்க முன்வருபவர்கள் கூட்டத்துக்கு முன்பே தெரிவித்தால் நலம். கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான் மறுபடி மலையேறுகிறேன். கூட வர விரும்பும் அன்பர்கள் அடிவாரக் கோவில் வாசலில் நின்றால் போதும். மெதுவாகத்தான் ஏறுவேன்.